உடல் தேறியது, உள்ளம் தேறியதா?

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது நம் முன்னோர் வாக்கு. ஆயினும், நோய் நீங்கிய பின்னரும் அதன் நிழல் நெஞ்சில் தங்குவதுண்டு. இளமையில் புற்றுநோயினின்று மீண்ட குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர்க்கும் மாணவச் செல்வங்களுக்கும் சில கூற விழைகின்றோம்.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் இரத்தப் புற்றுநோயே மிகுதி. 1948-இல் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தால் அந்நோயைச் சிறிது காலம் தணிக்க இயலும் எனக் காட்டினார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகதா சுப்பாராவ் ஆவார். நம் தோட்டத்து வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின் என்னும் மருந்து 1963-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்று வளமிக்க நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் 100-க்கு 80 பேருக்கு மேல் குணமடைகின்றனர்.

இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வதுண்டு. எங்கள் மாணவி ஒருத்தி அத்தனை காலமும் தோட்டத்திலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்குப் போய்வந்து, நோய் தீர்ந்து பள்ளிக்கு மீண்டாள். பள்ளியே மகிழ்ந்தது. அவளோ முழங்கால் சிறிது கன்றிப்போனாலும் நோய் திரும்பிவிட்டதோ என நடுங்கினாள். இரத்தப் பரிசோதனைக்கு முதல் நாள் உணவைத் தொடமாட்டாள். "பழையதை நினைக்காதே அம்மா" என்று வீட்டார் அன்போடு தேற்றினர். அதன்பின் அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். ஒருநாள் வகுப்பாசிரியை அருகமர்ந்து, ஒன்றும் கூறாது காத்திருந்தபோது, "பக்கத்துக் கட்டில் தம்பி வீட்டுக்கே போகலையே டீச்சர். நான் மட்டும் ஏன் வந்தேன்?" என்று கேட்டாள். அக்கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. அவள் அழுதாள், பின்னர் அத்தம்பியின் பெயரைச் சொல்லி, அவனைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

மீண்டவர்களுள் பெரும்பாலோர் மனவலிமையுடன் வாழ்கின்றனர். எனினும் சிலருக்கு அச்சமும் உறக்கமின்மையும் பல ஆண்டுகள் கழித்தும் தோன்றக்கூடும். மூளைக்குக் கதிர்வீச்சோ, தண்டுவட நீரில் மருந்தோ பெற்ற சிலருக்குக் கவனமும் நினைவாற்றலும் குறையலாம். அதனைச் சோம்பல் என்று கடிதல் முறையன்று.

இவ்வுண்மைகளை உணர்ந்தே மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1991-இல் சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவொன்றைத் தொடங்கிற்று. 2009-இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் துணையுடன் 'உகம்' என்னும் குழு அமைந்தது. இளமையில் இந்நோயை வென்றவர்களே அதில் ஒருவருக்கொருவர் துணை நிற்கின்றனர். அவ்வழி நடந்தவர் கூறும் ஆறுதலுக்குத் தனி வலிமை உண்டன்றோ?

சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் சுற்றுத் தோட்டங்களிலும் வாழும் பெற்றோர்களே! பிள்ளையின் அச்சத்தை நன்றியின்மை என்று எண்ணாதீர்கள். மருத்துவரிடம் உடல்நிலையோடு மனநிலையையும் கூறுங்கள். நம் நாட்டுச் சுகாதார அமைச்சின் 15555 என்னும் தொலைபேசி எண்ணிலும் மனநல உதவி பெறலாம்.

மாணவச் செல்வங்களே! முடி உதிர்ந்து தொப்பி அணிந்து வரும் தோழரைக் கேலி செய்யாதீர்கள். இந்நோய் தொற்றாது. அவர் தவறவிட்ட பாடங்களை எழுதிக்கொள்ள உங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிடில் உடன் விளையாடுங்கள்.

உடலைக் காத்தது மருத்துவம். உள்ளத்தைக் காப்பதில் நமக்கும் பங்குண்டு என உணர்ந்து செயற்படுவோமாக!