அப்புச்சியின் அரம்

கேட்டரிங் படிப்பில் சேர்ந்த முதல் வாரமே பையன் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைக் கோட்டு இரண்டு, தொப்பி, ஏப்ரன், கறுப்பு ஷூ. அத்தோடு கத்தி மூன்று. காய் நறுக்கப் பெரியது ஒன்று, எலும்பிலிருந்து கறியைப் பிரித்தெடுக்க ஒடுக்கமானது ஒன்று, தோல் சீவச் சின்னது ஒன்று. கடையில் விசாரித்தால் கத்திகள் மட்டுமே நாலாயிரம் ரூபாயைத் தாண்டின.

கோவையில், மில்கள் இருந்த பகுதியில் ஒரு வாடகை வீடு. அப்பா இல்லை. அம்மா தையல் யூனிட்டுக்குப் போகிறார். முதல் தவணை ஃபீஸுக்கே அவருடைய தோடு அடகுக்குப் போயாகிவிட்டது. இனி கழற்ற எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தப் பட்டியல் நாலு நாள் டி.வி. மேல் பேச்சில்லாமல் கிடந்தது.

ஐந்தாம் நாள் அப்புச்சிதான் எடுத்துப் படித்தார். அம்மாவின் அப்பா. வயது 74. மில்லில் 28 வருடம் ஃபிட்டர். மில் மூடியதும் கிடைத்த பணம் மகள் கல்யாணத்தில் கரைந்தது. இப்போது மாதம் ஆயிரத்துச் சொச்சம் பென்ஷன்.

"பெருசையும் சின்னதையும் எப்படியாச்சும் வாங்கிக்கலாம் கண்ணு. நடுவுல இருக்கறத நாமளே பண்ணிக்கலாம். பழைய அரம் ஒண்ணு இருந்தாப் போதும்."

"அது ஆகுமுங்களா அப்புச்சி?"

ஆகும். வெறும் பெருமைப் பேச்சில்லை இது. இரும்பையே ராவும் கருவி அரம். அதற்கேற்றபடி அதைக் கார்பன் மிகுந்த உருக்கில் செய்கிறார்கள். நல்ல அரத்தில் கார்பன் ஒரு சதவிகிதம் அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். வீடு கட்டும் கம்பியில் இருப்பதைப்போல நாலு மடங்கு. கத்திக்கு வேண்டியதும் அதுதான். ஆனால், பெரிய செஃப் கத்தி வராது. பத்து அங்குல அரத்தின் அகலம் ஓர் அங்குலம்தானே! எலும்பு பிரிக்கும் கத்திக்கு அந்த அகலம் கச்சிதம்.

உக்கடம் பழைய இரும்புக் கடையில் பையன் 60 ரூபாய்க்கு ஓர் அரம் வாங்கி வந்தான். பக்கத்து லேத் பட்டறையில் கிரைண்டரில் தொட்டுப் பார்த்தார்கள். தீப்பொறி மத்தாப்பூ மாதிரி கிளை கிளையாகப் பிரிந்தது. அப்படிப் பிரிந்தால் கார்பன் அதிகம் என்று அர்த்தம். நுனியைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கலாம் என்றார் அப்புச்சி. நீளம் குறையுமே என்று பையன் விடவில்லை.

அரம் இருக்கிற நிலையில் அதை ராவ முடியாது. முதலில் இளக்க வேண்டும். கொல்லையில் செங்கல் அடுக்கி, நடுவே இஸ்திரி வண்டிக்காரரிடம் வாங்கிய கொட்டாங்கச்சிக் கரி. அடியில் ஒரு இரும்புக் குழாய். அதன் வாயில் மாடி வீட்டு அக்காவின் ஹேர் டிரையர். இதுதான் உலை, இதுதான் துருத்தி. அரத்தைப் பழுக்கக் காய்ச்சி, வெந்நீர் அடுப்புச் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க விட்டார்கள். மெதுவாக ஆறினால் உருக்கு இளகிவிடும்.

பிறகுதான் உடம்பு நோகும் வேலை. வைஸில் பிடித்து, இன்னோர் அரத்தால் ராவ வேண்டும். 11 சாயங்காலங்கள் ஆயின. இடது கால் முன்னே, வலது கால் பின்னே. தோளால் தள்ளாமல் இடுப்பிலிருந்து தள்ள வேண்டும். "போறப்ப அழுத்து, வர்றப்ப தூக்கு. பல்லு ஒரு பக்கந்தான் கடிக்கும்." ஐ.டி.ஐ-யில் ஃபிட்டர் பிரிவில் சேருகிறவர்கள் முதலில் படிக்கிற பாடமும் ராவுவதுதான். அப்புச்சிக்கு இப்போது கை லேசாக நடுங்கும். டம்ளர் பிடித்தால் காபி தளும்பும். அரத்தைப் பிடித்தால் மட்டும் முதல் நாலு இழுப்புக்கு நடுக்கம் தெரியாது. ஐந்தாவதில் பையனிடம் கொடுத்துவிடுவார்.

வடிவம் வந்தது. மறுபடி உலையில் காய்ச்சித் தோய்ச்சல் போட்டார்கள். ஆறியதும் அப்புச்சி ஒரு புது அரத்தை விளிம்பில் வைத்து இழுத்தார். நன்றாகக் கெட்டிப்பட்ட உருக்கில் அரம் கண்ணாடி மேல் போவதுபோல வழுக்க வேண்டும். இது கடித்தது.

மேல்தோலுக்கு மட்டும் கார்பன் ஏற்றிய மலிவு அரம் அது. உள்ளே சாதாரண இரும்பு. தீப்பொறி பார்த்தபோது தொட்டது தோலை மட்டும்தான். 11 நாள் ராவியதில் அந்தத் தோல் போய்விட்டது. திங்கட்கிழமை பிராக்டிகல். வகுப்பில் இரவல் கத்தி கேட்டு ஏற்கெனவே ஒருவனிடம் பேச்சு வாங்கியிருந்தான் பையன். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அப்புச்சி தகரப் பெட்டியைத் திறந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றிய அரம் ஒன்று. மில்லினுடையது இல்லை, முதல் போனஸில் சொந்தமாக வாங்கியது. பல் மழுங்கிவிட்டது. மரப்பிடி மட்டும் உள்ளங்கை வியர்வையில் கறுத்துப் பளபளவென்று இருந்தது.

"ஏனுங்க, அதையுமா?" என்றார் அம்மிச்சி.

"வேணாமுங்க அப்புச்சி, நான் எப்படியாச்சும் சமாளிச்சுக்குவேன்."

அப்புச்சி பதில் சொல்லவில்லை. பிடியைக் கழற்றி, அரத்தின் நுனியை வைஸில் கடிக்க வைத்து, மேலே கனத்த சாக்கைப் போர்த்தி ஒரே அடி. நுனி தெறித்தது. உடைந்த இடம் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரே சீராக, மாவு மாதிரிச் சாம்பல் நிறத்தில் இருந்தது. "இது உருக்கு" என்றார்.

இந்த முறை ராவ நாள் இல்லை. லேத் பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரை விட்டுக்கொடுத்தார், காசு வாங்கவில்லை. அரத்தின் பல் வரிகளைச் சுத்தமாகத் தேய்த்தெடுத்தார்கள். ஒரு வரி மிச்சமிருந்தாலும் அங்கிருந்து விரிசல் கிளம்பும். பிடிக்குள் போகும் வால் ஆரம்பிக்கிற மூலையையும் வளைவாக்கினார்கள். காரணம் அதேதான்.

இருட்டுகிற நேரத்தில்தான் தோய்ச்சல். வெயிலில் நெருப்பின் நிறம் ஏமாற்றும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். இரும்பு 770 டிகிரி வாக்கில் காந்தத்துக்கு ஒட்டாமல் போகும். அதற்குமேல் இன்னும் ஒரு சூடு ஏறியதும் எண்ணெயில் இறக்க வேண்டும். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெய்தான், லேசாகச் சூடாக்கி ஓர் உயரமான இரும்பு டப்பாவில். தண்ணீரில் இறக்கினால் மெல்லிய கத்தி கீறிவிடக்கூடும். எண்ணெய் தீப்பிடித்தால் மூட ஒரு மூடியும் ஒரு வாளி மணலும் பக்கத்தில். எரிகிற எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. வீட்டில் செய்து பார்க்க நினைக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நைலான் சட்டையும் ஆகாது.

இடுக்கியை அப்புச்சிதான் எடுத்தார். கை ஆடியது. ஒரு நிமிஷம் பார்த்தார், பையனிடம் நீட்டினார். "நேரா எறக்கு. பக்கத்துல ஆட்டாத, வளைஞ்சிரும்."

இறக்கினான். புகை கூரை வரை எழும்பியது. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கீறினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். வரவில்லை. ஆறியதும் அரத்தை வைத்து இழுத்தார் அப்புச்சி. வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு முறை இழுத்தார். அதற்குத் தேவையே இல்லை.

அப்படியே விட்டால் கத்தி கண்ணாடி மாதிரி, கீழே விழுந்தால் உடையும். கெட்டியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் உறுதி வரும். அதற்கு மாடி வீட்டு அக்கா கேக் செய்யும் ஓவன் உதவியது. 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். தேய்த்துப் பளபளப்பாக்கிய விளிம்பில் வைக்கோல் நிறம் ஏறியது. ஓவனில் எண்ணெய் வாடை ஏறியதற்கு அம்மா போய் மன்னிப்புக் கேட்டு வந்தார்.

உப்புத்தாளில் தேய்த்து, சாணைக்கல்லில் தீட்டி, அதே பழைய மரப்பிடியை அரால்டைட் போட்டு இறுக்கியபோது ராத்திரி மணி ஒன்றரை. உக்கடம் அரத்தையும் சேர்த்து மொத்தச் செலவு 300 ரூபாய்க்குள்.

பிராக்டிகலில் முழுக் கோழி ஒன்றைப் பிரிக்கச் சொன்னார்கள். பிரித்தான். ஆசிரியர் கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இது துரு ஏறும் இரும்பு, ஒவ்வொரு முறையும் கழுவியதும் துடைப்பதாக இருந்தால் கொண்டு வா என்றார். அன்றிலிருந்து பையன் ஏப்ரன் பையில் ஒரு துண்டுத் துணி இருக்கிறது. தக்காளியும் எலுமிச்சையும் பட்டுப் பட்டுக் கத்தி கருஞ்சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. இரவல் கேட்டால் தருவதில்லை.

உக்கடத்து அரத்தை அம்மிச்சி எடுத்துக்கொண்டார். தேங்காய்ச் சில்லு நெம்ப அது போதும்.