வடதுருவத்துத் தபால்தலை

வடதுருவத்தில் தபால் நிலையம் கிடையாது. ஆனாலும் அந்த ஊர்த் தபால்தலைகளை நான் புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் தம் கையால் வரைந்து வண்ணம் தீட்டியவை.

1920-இல் அவருடைய மூத்த மகன் ஜானுக்கு மூன்று வயது. கிறிஸ்துமஸ் தாத்தா எப்படி இருப்பார், எங்கே குடியிருக்கிறார் என்று அப்பாவிடம் கேட்டான். டோல்கீன் தாத்தாவையே பதில் எழுத வைத்துவிட்டார். கடிதத்தோடு தாத்தாவின் படமும், பனிக்கு நடுவே அவருடைய வீடும் வந்து சேர்ந்தன. அதன்பின் 1943 வரை கடிதங்கள் நிற்கவில்லை. தாத்தாவுக்கு வயதாகிவிட்டது, குளிர் வேறு. அதனால் கையெழுத்து நடுங்கும். அவருக்கு ஒத்தாசையாக இருக்கும் பனிக்கரடி பாதத்தால் எழுதுவதால் அதன் எழுத்து தடித்துக் கோணிக்கொண்டு நிற்கும். 1925-இல் காற்றில் பறந்த தாத்தாவின் தொப்பியை எடுக்க இந்தக் கரடி வடதுருவக் கம்பத்தில் ஏறியது. கம்பம் முறிந்து கூரையில் விழுந்தது. தாத்தா வீடே மாற வேண்டியதாயிற்று! சில கடிதங்களைத் தபால்காரரே கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைகள் எழுதி வைத்த கடிதங்களோ, யாரும் இல்லாத நேரத்தில் கணப்படுப்பிலிருந்து மாயமாய் மறைந்தன.

எல்லாரும் அந்தத் தகப்பனின் கற்பனையைப் புகழ்கிறார்கள். எனக்கு ஜான்மேல்தான் கண் போகிறது. கேட்டவன் அவன். நம்பிக் கேட்கிற குழந்தைக்கு முன்னால் அரைகுறைப் பதில் எடுபடாது. கரடியின் மருமான்கள் வந்தார்கள், பூதங்களோடு சண்டை மூண்டது, புதிதாக ஓர் எழுத்து வரிசைகூடப் பிறந்தது. கடைக்குட்டி பிரிசில்லாவுக்கு 1943-இல் வந்த கடிதத்தில் தாத்தா விடைபெறுகிறார். பழைய நண்பர்களை மறப்பதில்லை, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தபின் திரும்பி வர எண்ணம் என்கிறார்.

பெரியவரை ஒரு குழந்தை அசைப்பது டிக்கன்ஸிடமும் உண்டு. அவர் 1843-இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் ஸ்க்ரூஜ் என்ற கஞ்சனை ஆவிகள் திருத்தின என்றுதான் நமக்கு ஞாபகம். நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை அவன் அலுவலக வாசலில் ஒரு சிறுவன் சாவித்துவாரத்தில் வாய்வைத்துப் பாட்டைத் தொடங்குகிறான். ஸ்க்ரூஜ் அளவுகோலை ஓங்க, பையன் பயந்து ஓடுகிறான். அன்றிரவு முதல் ஆவி ஸ்க்ரூஜை அவனுடைய பழைய பள்ளிக்கு அழைத்துப் போகிறது. விடுமுறைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்ட வகுப்பறையில், மங்கலான கணப்பருகே ஒரு பையன் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறான். அது ஸ்க்ரூஜேதான். துணைக்கு அலிபாபா, ராபின்சன் குருசோ போன்ற கதைப் பாத்திரங்கள் மட்டும். அதைப் பார்த்து அழுகிறான் கிழவன். உடனே அவனுக்கு ஞாபகம் வருவது, வாசலில் பாடிய அந்தப் பையனுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாமே என்பது. ஊன்றுகோலோடு நடக்கும் டைனி டிம் என்ற சிறுவன் பிறகுதான் வருகிறான். கல்லில் முதல் விரிசல் விழுந்தது இங்கேதான். தானும் குழந்தையாக இருந்தவன் என்பதை ஒரு குழந்தையின் முகம்தான் அவனுக்குக் காட்டிக்கொடுத்தது. இந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

இப்படிக் கேட்ட குழந்தை எங்கள் தெருவிலும் உண்டு. அங்கே ஓர் அத்தை வீட்டில் வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸ் குடில் வைப்பார்கள். கசக்கிய காகிதத்தில் மலை, வைக்கோல், முளைவிட்ட கேழ்வரகு. ஒரு வருஷம் அவருடைய பேரன், சூசையப்பருக்குப் பின்னால், மாட்டை ஒட்டித் தன் மஞ்சள் ஜேசிபி பொம்மையைக் கொண்டுவந்து நிறுத்தினான். எடுக்கச் சொன்னதற்கு, "மலையில ரோடே இல்லையே பாட்டி, மூணு ராஜாவும் எப்படி வருவாங்க?" என்றான். அத்தை பொம்மையை எடுக்கவில்லை. சல்லடையில் மணல் சலித்து, மலையைச் சுற்றி மாட்டுக்கொட்டில்வரை பாதை போட்டார்.

பையன் இப்போது பெரிய வகுப்புக்குப் போய்விட்டான். பொம்மைப் பக்கம் வருவதில்லை. பாதை மட்டும் வருஷா வருஷம் போடப்படுகிறது. இந்த முறை அவன் தங்கை, அவ்வளவு தூரம் நடந்து வரும் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்டிருக்கிறாள். குளம் வெட்டக் கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று அத்தை வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருக்கிறார்.