எழுபது வளைவும் என் மாமியாரும்

கொல்லிமலை அறப்பளீஸ்வரரைப் பார்க்க வேண்டும் என்பது என் மாமியாரின் நெடுநாள் ஆசை. "70 கொண்டை ஊசி வளைவு! குட்டிக்கு ஒத்துக்குமா?" என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் ஐந்து வயதுப் பெண்ணுக்குக் கார் ஏறினாலே வாந்திதான்.

போன மாதம் துணிந்து கிளம்பிவிட்டோம். காலையில் அவளுக்கு இரண்டே இட்லி, பால் கிடையாது. கண் பார்ப்பது காருக்குள் அசையாத சீட்டை, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்வதோ திருப்பத்தை. இந்த முரண்பாட்டால்தான் குமட்டுகிறதாம். ஆகவே படப்புத்தகம், செல்போன் இரண்டுக்கும் தடை. பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்த்தபடி வந்தாள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளியில் ஏற்றம் ஆரம்பம். பாட்டியும் பேத்தியும் வளைவுகளை உரக்க எண்ணினார்கள். முப்பத்திரண்டில் குரல் நின்றது, முகம் வெளுத்தது. ஓரமாக நிறுத்தி, எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தேன். கீழே வயல்கள் கட்டம் போட்ட சுங்குடிச் சேலை மாதிரி விரிந்து கிடந்தன. பத்து நிமிஷத்தில் தெளிந்தாள். நாற்பத்தேழில் ஒருமுறை வாந்தி எடுத்தாள்தான், பொய் சொல்வானேன்! பையும் பழைய துண்டும் கைவசம் இருந்ததால் சமாளித்தேன்.

மேலே போனதும் சில்லென்ற காற்று. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்தது. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். அறுத்த மீன்கள் மறுபடி பொருந்தி ஆற்றில் நீந்திய தலபுராணத்தைப் பாட்டி சொல்ல, குட்டி வாய் பிளந்து கேட்டாள்.

கோயிலுக்கு அப்பால் ஆகாய கங்கை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி. "நீங்க போயிட்டு வாங்க, நான் அத்தையோட இருக்கேன்" என்றேன் வழக்கம்போல.

அத்தை சட்டென்று, "எங்கே போனாலும் பை காக்கிற வேலை உனக்குத்தானா? குட்டியை நான் பார்த்துக்கிறேன், நீ இறங்கு" என்றார். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இப்படி அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இறங்கினேன். சுமார் 300 அடி உயரத்திலிருந்து அய்யாறு கொட்டுகிறது. சாரலே தொப்பலாக நனைத்துவிட்டது. ஏறும்போதுதான் தெரிந்தது சங்கதி! இருபது படிக்கு ஒருமுறை உட்கார்ந்தேன். இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் படிகளில் இறங்கவே வேண்டாம். மற்றவர்களும் தண்ணீர் கொண்டுபோவது நல்லது.

மேலே வந்தால், அத்தை மிளகும் சாமை அரிசியும் வாங்கி வைத்திருந்தார். (ஒரு டம்ளர் சாமைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். அந்த மிளகைத் தட்டிப் போட்டுப் பொங்கல் செய்தேன், அமிர்தம்!)

காரில் ஏறியதும், "அருவி எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு" என்றார். எழுபது வளைவும் இறங்கி முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். குட்டி அவர் மடியில் தூங்கிப்போயிருந்தாள்.