ரயில் வராத மரக்காணம்

ஈ.சி.ஆரில் சென்னையில் இருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் போனவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாய் உப்புக் குவியல்கள், செல்போனில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். ஆனால் ஊர் ரொம்பப் பழசு.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அதில் பாணன் போகும் வழியில் கிடங்கில் என்ற ஊரும் வருகிறது. நல்லியக்கோடனின் ஊர். இன்று திண்டிவனத்துக்குள் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் வந்தபோது அதுவும் அந்தத் திண்டிவனம் வழியாகவே போய்விட்டது! கடற்கரைக்குக் கிடைத்தது கால்வாய்தான்.

பக்கிங்காம் கால்வாய் என்றாலே சென்னைக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். 1806-ல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய வேலை அது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசிக்குக் கூலி வேலை செய்தவர்கள்தான் சென்னைக்குள் விட்டுப்போயிருந்த துண்டை வெட்டி வடக்கையும் தெற்கையும் இணைத்தார்கள். பெயர் என்னவோ கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. இதன் தென்கோடிதான் மரக்காணம். ஆட்கள் கரையில் நடந்தபடி கயிறு கட்டிப் படகை இழுப்பார்கள். உப்பும் விறகும் இந்தக் கால்வாயில்தான் பட்டணம் போயின. பிறகு லாரிகள் வந்தன. 1965, 1966 புயல்கள் கால்வாயைக் கெடுத்துவிட்டன.

கால்வாய் போனாலும் உப்பளம் நிற்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளைக் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி விட்டு வெயிலில் சுண்டவைத்தால் கடைசிப் பாத்தியில் உப்பு விளையும். ஆமாம், 'விளையும்' என்றுதான் சொல்கிறார்கள், நெல் மாதிரி. ஆனால் மேற்கே மல்லாட்டை போட்டவர் எந்த மேகத்துக்காகக் காத்திருக்கிறாரோ, அதே மேகத்தைப் பார்த்து உப்பளக்காரர் பயப்படுவார். கோடையில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், பாத்தியில் இருந்தது கரைந்துவிடும். ஐப்பசி பிறந்தால் சில மாதங்களுக்கு வேலையே கிடையாது. 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தப் பக்கம்தான் கரை கடந்தது.

மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் கொடுக்கத் தமிழக அரசு 2022-ல்தான் ஆரம்பித்தது. அத்தனை நூற்றாண்டு உப்புத் தின்ற பிறகு! சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர் என்று கடலோர ரயில் பாதைக்கும் 2000-களிலேயே அறிவிப்பு வந்தது. மரக்காணம் உப்பு இன்னமும் லாரியில்தான் போகிறது.