ட்ராக் நிற்காது

விழுப்புரத்தில் திருவண்ணாமலை பஸ் ஏறி, காணை, கெடார் தாண்டி, ஏறக்குறையப் பாதி வழியில் இறங்கினால் கண்டாச்சிபுரம். இப்போது தாலுகா தலைமையிடம். ராமநாதீசுவரர் கோயிலைக் கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். நான் கேட்டது சவுண்ட் சர்வீஸ் குடோனை. டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாட வந்தீங்களா, செட்டு எடுக்க வந்தீங்களா?"

"சும்மா பார்க்க வந்தேன்."

"பார்க்க இன்னா இருக்குது அங்க? பாடுறதுதான்" என்று மாடியைக் காட்டினார்.

கீழே தகரக் கொட்டகையில் சீரியல் பல்புச் சரங்கள், ஒரு ஜெனரேட்டர், பழைய குழாய் ஸ்பீக்கர்கள் நாலைந்து. மாடியில் பதினான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மிக்சர், இரண்டு மைக், சுவரில் ஒரு டிவி, மேசையில் லேப்டாப். ஞாயிறு மாலை ஆறு மணி, கரோக்கி நேரம். வந்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், பஸ் கண்டக்டர், டெய்லர், ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ், நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா, கல்லூரிப் பையன்கள் இருவர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஆபீசில் கேலி செய்வார்களாம்.

முதலில் கண்டக்டர். டி.எம்.எஸ். பாட்டு, சிவாஜி படம். முன்னிசை முடிந்தது. அவர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார், எடுப்பு போய்விட்டது. கச்சேரியாக இருந்தால் ஆர்மோனியக்காரர் இன்னொரு சுற்று வாசித்துச் சமாளிப்பார். லேப்டாப்புக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை, அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்டக்டர் இரண்டாம் வரியில் ஓடிப்போய் ஏறிக்கொண்டார், அவர் பஸ்ஸில் பயணிகள் ஏறுவதைப் போல. அடுத்த சரணத்துக்கு முன்னால் தலைமையாசிரியர் கையைத் தூக்கினார். மூன்று விரல், இரண்டு விரல், ஒரு விரல். பின்வரிசை நாற்காலிகளிலும் நாலைந்து கைகள் அதேபோல எழுந்தன. இந்த முறை எடுப்பு சரியாக விழுந்தது.

"ட்ராக் நிற்காது சார்" என்றார் தலைமையாசிரியர் என் பக்கம் சாய்ந்து. "அதனால நாங்க நிக்கிறோம்."

சிவாஜி பாட்டு என்றால் இங்கே தனிக் கௌரவம். விழுப்புரம் சின்னையா கணேசனின் இனிஷியலில் இருப்பது இவர்கள் மாவட்டத்தின் பெயர். 'பராசக்தி'யில் அவருக்குக் குரல் கொடுத்தவர் சி.எஸ்.ஜெயராமன். 1954இல் 'தூக்கு தூக்கி'யில் டி.எம்.எஸ். வந்த பிறகுதான் அந்த முகத்துக்கு அந்தக் குரல் என்று ஒட்டிக்கொண்டது. ஒட்டியது தமிழ் சினிமாவுக்கு நல்லது, மாடியில் பாடுகிறவர்களுக்குக் கஷ்டம். டி.எம்.எஸ். ஏறும் உச்சிக்குச் சாதாரண ஆண் குரல் ஏறாது. ஏறினால் இறங்கத் தெரியாது. சரி, பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டு மென்மையானதாயிற்றே, பழகுகிறவர்களுக்கு அது சுலபம் என்று நினைத்திருந்தேன். ஒரு கல்லூரிப் பையன் பாடியபோது தெளிந்தேன். கீழ் ஸ்தாயிக்குப் போன இடத்தில் குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

இதற்கு மருந்து ஸ்ருதியை மாற்றுவது. பொதுவாக ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. சினிமாப் பாட்டோ மூலப் பாடகர் எங்கே நின்றாரோ அங்கேயே நிற்கும். கணினியில் ஒரு படி இறக்கினால் ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு இறங்கியதாக அர்த்தம், அது வெள்ளையோ கறுப்போ. மூன்று நான்கு படிக்கு மேல் இறக்கினால் வயலின் எல்லாம் சளி பிடித்தது போலாகிவிடும். எனவே ஒவ்வொருவருக்கும் எவ்வளவு இறக்கலாம் என்பது ஒரு கணக்கு. கணக்குப் பார்ப்பவர் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார். அவர்தான் இந்த மாடியின் வாத்தியக்காரர். ஒரே ஆள்.

இருபது வருஷம் மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். ஆடி மாதம் கூழ் வார்க்கும் திருவிழாக்களில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் ராத்திரி தூக்கமே கிடையாது என்றார். அப்போது வேனில் பதினைந்து பேர் போவார்களாம். இப்போது கோயில் கமிட்டி கேட்பது இரண்டு பாடகர், ஒரு லேப்டாப். அவருடன் வாசித்த தபேலாக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். கரோக்கியால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் எழுதினால் அது பொய். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. "என் வேலையை எடுத்துக்கிட்ட மெஷினுக்கு நானே சோறு ஊட்டுறேன் சார்" என்று சிரித்தார்.

அந்தச் சோறுதான் ட்ராக். கேட்கக் கேட்க எனக்குச் சுவாரசியம் கூடியது. ஸ்டீரியோவில் பாடகரின் குரல் இடம், வலம் இரண்டிலும் ஒரே அளவு இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குரல் போய்விடும். கூடவே நடுவில் வைத்துப் பதிவான பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் போய்விடும் என்பது வேறு விஷயம். தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் என்று இளையராஜாவின் 'ப்ரியா'வைச் சொல்வார்கள். அது 1978. அதற்கு முந்தைய பாட்டெல்லாம் மோனோ, கழிக்க இரண்டு பக்கம் கிடையாது. அக்காலத்தில் பாடகரும் வாத்தியங்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இசைப்பார்கள். ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து. குரலும் இசையும் பாலும் நீருமாகக் கலந்தே பதிவாகியிருக்கும். ஆகவே மெல்லிசை மன்னர் பாட்டு வேண்டுமென்றால் முழுப் பாட்டையும் கீபோர்டில் திரும்ப வாசித்துக் கட்டவேண்டும். காதால் கேட்டு, பாங்கோஸ் தனியாக, புல்லாங்குழல் தனியாக, பேஸ் தனியாக. ஒரு பாட்டுக்கு நான்கைந்து ராத்திரி. "அக்கார்டியன் மட்டும் வராது சார். அது மூச்சு விடும். இது விடாது."

இப்போது குரலைத் தனியே பிரித்தெடுக்கும் மென்பொருள் வந்துவிட்டது, மோனோவையும் பிரிக்கிறது. சில நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் டி.எம்.எஸ்ஸின் ஆவி லேசாகப் பின்னால் முனகிக்கொண்டே இருக்கும் என்பது அவர் புகார். இரண்டு வகையையும் போட்டுக் காட்டினார். எனக்கு அவர் கட்டியதுதான் பிடித்தது, அக்கார்டியன் மூச்சு விடாவிட்டாலும்.

டெய்லர் அண்ணன் டிவியைப் பார்ப்பதே இல்லை. திரையில் வரிகள் ஆங்கில எழுத்தில் ஓடுகின்றன; ழவும் ளவும் ஒன்றாகி, படித்தவனுக்கே தலை சுற்றும். அவரிடம் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்ற காலத்து ஆள். மூச்சு விடவேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு சின்னக் கோடு. 'கேளடி கண்மணி'யில் எஸ்.பி.பி. மூச்சே விடாமல் பாடியதாக ஊரெல்லாம் நம்பும் அந்தப் பாட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்பது கோடு இருந்தது. "அவரும் ரெக்கார்டிங் உதவியோடதான் பாடினேன்னு சொல்லியிருக்காரு. நமக்கு இன்னா வெட்கம்?" என்றார்.

நர்ஸ் அக்காவுக்கு இந்த மாடி வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஸ்மூல் செயலி. டூயட்டில் தன் பாதியைப் பாடி விட்டுவிடுவார். மறுபாதி காலியாகக் காத்திருக்கும். பாரிசிலிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் என்றாவது வந்து சேர்ந்துகொள்வார். நேரில் பார்த்ததில்லை. அவர் இவரைத் 'தங்கச்சி' என்று அழைத்து, எந்த இடத்தில் ஸ்ருதி தொட்டும் தொடாமலும் போனது என்பதையும் எழுதுவாராம். "வீட்டுல யாரும் இவ்ளோ கவனமா என் பேச்சைக் கேட்டதில்ல" என்றார் அக்கா. நான் பதில் சொல்லத் தெரியாமல் டீயைக் குடித்தேன்.

எட்டு மணிவாக்கில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மல்லாட்டைக் காட்டுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருகிறாராம். சவுண்ட்காரர் எதுவும் கேட்காமல் மைக்கின் வால்யூமைப் பாதியாகக் குறைத்தார். வந்தவர் மைக்கைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பாடினார். ஜன்னல் தகரம் அதிர்ந்தது. கூத்துக்காரக் குடும்பம். விழுப்புரமும் திருவண்ணாமலையும் கூத்து பூமி. விடிய விடியத் திறந்த வெளியில், மைக் இல்லாத காலத்திலிருந்து பாடிப் பழகிய தொண்டை. அவர் ஒரு வரி பாடி முடித்ததும் அறை முழுவதும் அதை வாங்கித் திரும்பப் பாடியது. சினிமாப் பாட்டில் அப்படி வழக்கமில்லை. கூத்தில் உண்டு. வேஷக்காரன் அடியைச் சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள், அவனுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். மூன்று விரல், இரண்டு விரல், ஒரு விரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கரோக்கியை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்படி என்பது அவ்வளவாகத் தெரியாது. டைசுகே இனோவே கோபே நகர மதுக்கூடங்களில் வாடிக்கையாளர் பாட, பக்கவாத்தியம் வாசித்தவர். சரியாகப் பாடத் தெரியாதவர்களையும் அனுசரித்து வாசிப்பார். ஒரு கம்பெனி முதலாளி, ஊருக்குப் போகிறேன், கூட வந்து வாசி என்று கூப்பிட்டார். இவரால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்குத் தக்கபடி வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அதிலிருந்து பிறந்ததுதான் 1971இல் அவர் செய்து வாடகைக்கு விட்ட பதினொரு பெட்டிகள். அவருக்கு முன்பே 1967இல் ஷிகேயிச்சி நெகிஷி என்பவர் ஒரு பெட்டி செய்திருந்தார். இனோவே காப்புரிமை வாங்கவில்லை, பணமும் பார்க்கவில்லை. 2004இல் 'இக் நோபல்' அமைதிப் பரிசு கொடுத்தார்கள், மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி காட்டியதற்காக. இதைச் சொன்னதும் மாடியில் பெரிய சிரிப்பு. கண்டக்டர் எழுந்து எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

அந்தச் சிரிப்பில் நான் மாட்டிக்கொண்டேன். மைக் என் கையில் வந்துவிட்டது. ஏ.எம்.ராஜா பாட்டு ஒன்றைக் கேட்டேன். முதல் சரணத்தில் குரல் பிளந்தது, இரண்டாவதில் தாளம் என்னை விட்டுப் போனது. எக்கோவை ஏற்றிப் பார்த்தார் சவுண்ட்காரர். என் தப்பு ஒவ்வொன்றும் மூன்று முறை கேட்டது. விரல்கள் எழுந்தன, பின்பாட்டும் வந்தது. கடைசிப் பல்லவியைப் பாதிக்கு மேல் பாடியவர் நூறு நாள் வேலை அம்மாதான். முடிந்ததும் கைதட்டினார்கள். "மோசமில்ல தம்பி, பாட்டு உனக்கு மேல நிக்குது, அவ்ளோதான்" என்றார் அந்த அம்மா.

கடைசி பஸ்ஸுக்கு எழுந்தபோது கீபோர்டுக்காரர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ட்ராக்குகள் படப் பெயரில் இல்லை, ஆள் பெயரில் இருந்தன. கண்டக்டர், டெய்லர் அண்ணன், சிஸ்டர், கூத்து மாமா. அடியில் புதிதாக ஒரு ஃபோல்டர்: 'பார்க்க வந்தவர்'. உள்ளே ஒரே பாட்டு, மூன்று படி இறக்கியது.