தலைகள் நொறுங்கும் பாட்டு

1707 ஏப்ரலில் ஜோர்ஜ் பிரெடரிக் ஹாண்டெலுக்கு வயது 22. என்ர பட்ச்சில இருக்கிற பெடியளின்ர வயசு. அந்த வயசிலதான் ரோமில் இருந்துகொண்டு 'டிக்ஸிட் டொமினுஸ்' எழுதினார். ஆள் ஜேர்மனியின் ஹாலே நகரத்தவர், லூத்தரன். எழுதினதோ கத்தோலிக்கரின் மாலை வழிபாட்டுக்குரிய இலத்தீன் சங்கீதம். அந்த நேரம் ரோமில் ஒபேராவுக்குப் பாப்பரசரின் தடை இருந்தது. மேடையில காட்ட ஏலாத நாடகம் முழுக்க இந்தச் சங்கீதத்துக்குள்ள வந்து இறங்கின மாதிரித்தான் எனக்குக் கேட்குது.

ஐந்து குரல்களாகப் பிரிந்த கோரஸ், தந்தி வாத்தியங்கள், அரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல. தொடக்கத்தில் வயலின்கள் ஓடிக்கொண்டிருக்க, 'டிக்ஸிட்' என்ற சொல்லைக் கோரஸ் வெட்டி வெட்டி எறியும். ஆனால் என்னைப் பிடிச்சுப்போட்டது பிற்பகுதியில் வாற 'கொன்குவாஸாபித்' என்ற ஒரு சொல். நடு அசையைத் துண்டு துண்டாக்கி, சுத்தியலால அடிக்கிற மாதிரி எல்லாரும் சேர்ந்து அடிப்பினம். பஸ்ஸில ஹெட்செட்டில கேட்டால் கால் தானாகத் தாளம் போடும்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் 'நொறுக்குவார்'. எதை? தலைகளை. இலத்தீன் விவிலியத்தில் இது 109ஆம் சங்கீதம், எங்கட வேதாகமத்தில் 110. கடவுள் அரசன் பக்கம் நின்று எதிரிகளை அழிக்கிற வெற்றிப் பாட்டு. இலத்தீன் 'இடிபாடுகள்' என்று சொல்லிற இடத்தில் எபிரேய மூலம் 'பிணங்கள்' என்கிறது. தமிழிலும் பிணங்கள்தான்.

வெற்றிப் பாட்டு எண்டாலே எனக்கு வயிறு பிசையும். இந்த நாட்டில வளர்ந்த எங்களுக்கு, ஒரு பக்கம் வெடி கொளுத்தேக்க மற்றப் பக்கம் என்ன நடந்திருக்கும் எண்டு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. அப்ப இதை ரசிக்கலாமா? அழகு எண்டு சொல்லித் தப்பிக்கொள்ள எனக்கு மனமில்லை. அந்த அடி அழகாக இருக்கிறதுதான் பிரச்சினையே. தாளம் நல்லா இருந்தால் எதுக்கும் கால் ஆடும்.

ஆனால் பாட்டு அதோட முடியேல்லை. அடுத்த வசனத்தில் அரசன் வழியில் ஓடுகிற ஆற்றில் தண்ணி குடித்துத் தலை நிமிர்கிறான். சொற்களைப் பார்த்தால் எக்காளம் ஊத வேண்டிய இடம். ஹாண்டெல் அதை மெதுவாக, துக்கமாக எழுதியிருக்கிறார். இரண்டு சொப்ரானோக் குரல்கள் ஒன்றோடொன்று உரசி உரசி நகருது. கீழே ஆண்குரல்கள் ஒரே சுரத்தில் முணுமுணுக்கினம். நிமிர்ந்த தலையைப் பற்றித்தான் அவை பாடுது. கேட்கிற எனக்கோ செத்தவீட்டு ஒப்பாரி மாதிரி இருக்கு.

அவர் ஏன் அப்பிடி எழுதினார் எண்டு நான் ஊகிக்கப் போறேல்லை. கேட்கிறது இதுதான்: தலைகள் நொறுங்கின உடன ஆரோ அழுகினம். நாங்கள் கேட்டு வளர்ந்த வெற்றிப் பாட்டுகளில் அந்த அழுகைக்கு இடம் இருக்கேல்லை.

கேட்க நினைச்சால், நடுவில நிப்பாட்டாமல் கேளுங்கோ. 'கொன்குவாஸாபித்'தோட மட்டும் எழும்பிப் போயிடாதேங்கோ.