ஏழு கன்னிமாரும் என் முழங்காலும்

லீவு போட்டு, காசும் கொடுத்து, நடப்பதற்கென்றே வெளியூர் போகிற ஆட்கள் உண்டு என்பது இங்கிலாந்து வந்துதான் தெரிந்தது. எங்க பாலசமுத்திரத்தில் ஒருத்தர் நீள நடந்தால் ஒன்று பஸ் வரவில்லை, இல்லையென்றால் வேண்டுதல். (பேரில்தான் சமுத்திரம். நான் கடலைப் பார்த்ததே பி.காம். சேர்ந்த பிறகு.)

இந்தத் தடவை நாங்களும் கிளம்பினோம். ஈஸ்ட்போர்னில் நாலு நாள் ரூம். முதல் நாள் காலை பஸ்ஸில் சீஃபோர்ட் போய், அங்கிருந்து கரையோரமாகவே திரும்பி நடை. கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். கக்மியர் ஆறு கடலில் சேருகிற இடத்தில் பாலம் கிடையாது, எக்சீட் வரை உள்ளே போய்ச் சுற்றி வரணும். தங்கமணி அங்கேதான் முதல்முறை முறைத்தார்.

அப்புறம் 'செவன் சிஸ்டர்ஸ்'. நம்ம ஏழு கன்னிமார் மாதிரி வரிசையாக வெள்ளைச் சுண்ணாம்புக் குன்றுகள். ஏறினால் உடனே இறங்கணும், மறுபடி ஏறணும். அடியில் அலை அரிக்க அரிக்க மேலே இருப்பது மொத்தமாகச் சரிகிறது. பர்லிங் கேப்பில் விளிம்போர வீடுகள் சிலவற்றை இடித்தே விட்டார்கள். பேங்க் மூளை சும்மா இருக்குமா? ஈட்டுச் சொத்தே கடலுக்குள் போனால் எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்!

அடுத்து பெல் டூட், 1902ல் ஓய்ந்துபோன கலங்கரை விளக்கம். விளிம்பு நெருங்கிவிட்டதென்று 1999ல் கட்டிடத்தை அப்படியே ஜாக்கியில் தூக்கி, கிரீஸ் தடவிய உத்திரங்கள் மேல் 17 மீட்டர் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். மகன் அதையே சுற்றிச் சுற்றி வந்தான்.

அவனுக்கு மூணு வயசில் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிழைத்து வந்தால் அவன் அப்பன் அலிபிரியிலிருந்து நடந்தே திருமலை ஏறுவான் என்று அம்மா ஊரில் வேண்டிக்கொண்டார். 3,550 படி. அதற்கப்புறம் மூணு தடவை ஊருக்குப் போயாச்சு. மூணு தடவையும் காரில் மலை ஏறி, 300 ரூபாய் டிக்கெட்டில் தரிசனம். "முழங்கால் வலிம்மா, அடுத்த தடவை."

ராத்திரி ரூமுக்கு வந்து போன் போட்டேன். ஊரில் மணி பத்தரை. அம்மா தூங்காமல் இருந்தார். பெருமையாக 22 கிலோமீட்டர் என்றேன்.

"யாருக்கு வேண்டுதல் நைனா?"

"வேண்டுதல் இல்லம்மா. சும்மா... கடலோரமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்ப முழங்கால் சரியாயிடுச்சா?"

எனக்கு வாய் வரவில்லை.

"சரி சரி, உப்பு போட்ட வெந்நீர்ல காலை வெச்சுட்டுப் படு" என்று போனை வைத்துவிட்டார்.